அக்காவின் சட்ஜம்

என் அக்கா கமலாட்சி செத்துப் பத்து மாதம் ஆகிறது. செத்த பிறகும் என்னைத் தனியாகப் பாட விடமாட்டேன் என்றாள்.

இப்படிச் சொன்னால் இவளுக்கு மூளை பிசகிவிட்டது என்பீர்கள். என் புருஷன் பழனி அதை என்னிடமே சொல்லிவிட்டார். டிராக்டர் சாமான் கடை வைத்திருக்கிற மனிதருக்கு எல்லாக் கோளாறுக்கும் ஒரு போல்ட்டு நட்டுதான் காரணம். அவரை விடுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் இருபத்திரண்டு வருஷம் சேர்ந்து பாடியவர்கள். சுற்றுவட்டாரக் கோயில்களில் ‘கூரம் சகோதரிகள்’ என்றால் தெரியும். நான் கல்யாணமாகிக் காஞ்சிபுரத்துக்கு, பிள்ளையார்பாளையத்துக்கு வந்துவிட்டேன். அவள் கல்யாணமே வேண்டாம் என்று பிறந்த ஊரான கூரத்திலேயே இருந்தாள். தினமும் காலையில் பஸ் பிடித்து என் வீட்டு மாடிக்கு வந்துவிடுவாள். பக்கத்து வீட்டுத் தறி ஆரம்பிக்கும் முன்னால் ஒரு மணி நேரம் சாதகம் செய்வோம். தறி ஆரம்பித்துவிட்டால் அதன் தாளம் வேறு, நம் தாளம் வேறு. இரண்டும் மல்லுக்கு நிற்கும்.

ச ரி க ம ப த நி என்று ஏழு சுரங்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஏழும் சமம் கிடையாது. ரி, க, ம, த, நி ஐந்தும் ராகத்துக்கு ராகம் இடம் மாறும். சட்ஜமும் பஞ்சமமும், அதாவது ‘ச’வும் ‘ப’வும், அசையாது. அந்தச் சட்ஜம் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பாடுகிறவர் தன் தொண்டைக்கு வாகான இடத்தில் வைத்துக்கொள்கிறார். அந்த இடத்துக்குப் பெயர் சுருதி. அதைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். எண் கூடினால் உயரம் கூடும். எனக்கு இயல்பான சுருதி ஐந்தரைக் கட்டை. அக்காவுக்கு ஒரு காலத்தில் ஐந்து. தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது. நாலரைக்கு வந்தோம், பிறகு நாலுக்கு.

வந்தோம் என்கிறேன் பாருங்கள். இறங்கியது அவள் குரல். நானும்தான் கூட இறங்கினேன். இரண்டு பேர் சேர்ந்து பாடினால் சட்ஜம் ஒன்றுதான் இருக்க முடியும். நாலு கட்டையில் என் கீழ் சுரங்களெல்லாம் வெறும் காற்றாகப் போய்விடும். அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ராகத்தை அவள் ஆரம்பிப்பாள். மந்திர ஸ்தாயி, அதாவது கீழ்ப்பகுதி, முழுக்க அவளுடையது. மெல்ல ஏறி நடுப்பகுதியின் கடைசிச் சுரமான ‘நி’க்கு, நிஷாதத்துக்கு, வந்து நின்று என் பக்கம் திரும்புவாள். அங்கே நான் எடுத்துக்கொள்ள வேண்டும். மேல் சட்ஜமும் அதற்கு மேலே இருப்பதும் என்னுடையது. பட்டுப்புடவையில் உடலையும் கரையையும் தனித்தனியாக நெய்து கோர்ப்பார்களே, அந்த மாதிரி. கோர்த்த இடம் ஒருவருக்கும் தெரியாது. ஒன்பது வருஷம் தெரியவில்லை.

அக்கா போன பதினேழாம் நாள் மாடிக்குப் போனேன். துக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் பொய் சொல்வானேன், இனி என் சுருதியில் பாடலாம் என்ற ஆசையும் இருந்தது. சுருதிப் பெட்டியை ஐந்தரையில் வைத்து வாயைத் திறந்தேன். சட்ஜம் கீழே வந்தது.

தொண்டை கட்டியிருக்கும் என்று வெந்நீர் குடித்துவிட்டு மறுபடி பாடினேன். மறுபடியும் கீழேதான். பெட்டி ஐந்தரையில் மீட்டிக்கொண்டிருக்க, என் குரல் நாலு கட்டையில் போய் உட்கார்ந்தது. பெட்டியின் கணக்கில் அது சட்ஜமே இல்லை, மந்திர தைவதம், கீழ்ப்பகுதியின் ‘த’. முதல் பாடம் படிக்கிற குழந்தைகூட இப்படித் தப்பு பண்ணாது. செல்போனில் சுருதி காட்டுகிற ஆப்பைப் போட்டுப் பார்த்தேன். அதுவும் நாலு என்றது. தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, ‘நார்மல்’ என்று எழுதிக் கொடுத்தார்.

மாதக்கணக்கில் இதே கதை. வீம்புக்கு மேலே கொண்டுபோனால் சட்ஜம் நழுவி நழுவி நாலுக்கே வரும். சரி, தொலையட்டும் என்று ஒரு நாள் பெட்டியை நாலிலேயே வைத்தேன். குரல் கச்சிதமாகப் பொருந்தியது. தோடி ராகத்தை எடுத்து, எனக்கு வராத கீழ்ப் பகுதிக்கு இறங்கினேன். என் வாயிலிருந்து காற்றுதான் போனது. ஆனால் பஞ்சமம் கேட்டது. கனமாக, கொஞ்சம் கரகரப்போடு, என் இடது பக்கத்திலிருந்து. நான் பாட்டை நிறுத்தினேன். அது ஒரு கணம் கழித்து நின்றது.

அன்று துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனபோது பக்கத்து வீட்டு கங்கையம்மாள் சுவரோரம் வந்து நின்றார்.

“இன்னாமா, ரெண்டு பேரும் மறுபடியும் பாட ஆரம்பிச்சிட்டீங்களா? காலைலேருந்து கேட்டுக்கினே இருக்கேன், நல்லா இருக்குது.”

நான் அவரையே பார்த்தேன். அக்காவின் சாவுக்கு வந்து மாரில் அடித்துக்கொண்டு அழுத மனுஷி. சொன்னது என்ன என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“ஐயய்யோ, பழக்கத்துல சொல்லிட்டேம்மா.” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா ரெண்டு கொரலு கேட்டுச்சும்மா. சத்தியமா” என்றார். சொல்லிவிட்டு ஈரத்துணியை அப்படியே விட்டுவிட்டுக் கீழே போய்விட்டார்.

எனக்குப் பயம் வரவில்லை என்றால் நம்பமாட்டீர்கள். பயந்தேன். குளிக்கும்போதுகூடக் கதவைத் திறந்து வைத்துக் குளித்தேன். ஆனால் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். உயிரோடு இருந்தபோது ஒன்பது வருஷம் என்னை நாலு கட்டையில் கட்டிப்போட்டாள், செத்தும் விடமாட்டேன் என்றால் எப்படி? திருமுக்கூடலில் மூன்று ஆறும் சேருகிற இடத்தில்தான் அவள் சாம்பலைக் கரைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தனியாகப் போய் அங்கே நின்று, “போயேண்டி! உனக்கு இன்னும் இன்னாதான் வேணும்?” என்று வாய்விட்டுக் கத்தினேன். எதிர்க்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து நின்று பார்த்தார்.

அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அத்தனை கத்தல்.

போன வருஷ நவராத்திரி. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற அம்மன் கோயிலில் வழக்கமான வெள்ளிக்கிழமைக் கச்சேரி. மேடைக்குப் பின்னால் தொங்கிய பேனரைப் பார்த்தேன். ‘கமலாட்சி மற்றும் சகோதரி’ என்று போட்டிருந்தார்கள். எனக்குத் தேவகி என்று ஒரு பெயர் உண்டு. அது அந்தப் பேனரில் இல்லை.

அக்கா தீபாராதனைக்கு உள்ளே போயிருந்தாள். மூத்தவர் கடைசியாக மேடை ஏறுவதும், அதற்குள் மற்றவர்கள் பெட்டிக்குச் சரியாகச் சுருதி சேர்த்து வைப்பதும்தான் எங்கள் வழக்கம். நான் பெட்டியை நாலரைக்குத் திருப்பினேன்.

வயலின் வாசிக்கிற கிரேஸ் நிமிர்ந்து பார்த்தாள். “நாலரையாக்கா?”

“ஆமா. அக்காதான் வைக்கச் சொன்னா” என்றேன். முகம் மாறாமல் சொன்னேன்.

மிருதங்கம் பிரேம்நாத் முணுமுணுத்துக்கொண்டே கல்லால் தட்டித் தட்டி மிருதங்கத்தை மேலே ஏற்றினார். கேட்பவர்களுக்கு அரைக் கட்டை ஒன்றுமே இல்லை. அக்காவின் தொண்டைக்கு அது மலை. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் திருப்பினேன்.

அக்கா வந்து என் இடது பக்கம் உட்கார்ந்தாள். முதல் சட்ஜத்தைப் பிடித்தாள். பெட்டியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. எல்லாரும் சுருதி சேர்த்து, சபையும் நிறைந்துவிட்ட பிறகு யார் தகராறு செய்ய முடியும், மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். வெட்கக்கேடு, உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

முக்கிய ராகம் தோடி. கீழிருந்து பொறுமையாகக் கட்டிக்கொண்டு மேலே வந்தாள். நிஷாதத்துக்கு வந்து நின்றாள். என் பக்கம் திரும்பினாள். நான் எடுக்க வேண்டிய இடம்.

நான் எடுக்கவில்லை. குனிந்து பிளாஸ்கைத் திறந்து டம்ளரில் வெந்நீர் ஊற்றிக்கொண்டேன்.

நிஷாதத்தில் நின்றுவிட்டு இறங்கிவிடக் கூடாது. தோடியில் அந்த இடம் வந்தால் கேட்கிறவர்கள் எல்லாரும் மேல் சட்ஜத்துக்காகக் காத்திருப்பார்கள். அவள் இன்னொரு முறை நிஷாதத்தை நீட்டினாள். இன்னொரு முறை திரும்பிப் பார்த்தாள். நான் வெந்நீரை ஊதிக்கொண்டிருந்தேன். அவள் தானே ஏறினாள். சட்ஜத்தைத் தொட்ட இடத்தில் குரல் உடைந்தது. ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணின் குரல் மைக்கில் உடைவது எப்படி இருக்கும் என்று நான் விவரிக்கப் போவதில்லை. முன்வரிசையில் யாரோ ‘ச்சு’ என்றார்கள். அதன்பிறகு நான் டம்ளரை வைத்துவிட்டு மேல் சட்ஜத்தை எடுத்தேன். அங்கிருந்து பஞ்சமம் வரை போய்வந்தேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

ஆட்டோவில் திரும்பும்போது ஒன்றே ஒன்று சொன்னாள். “தொண்ட சரியில்ல தேவகி. இனிமே நீயே பாடு.” அதோடு சரி. என் வீட்டு மாடிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். இரண்டு மாதம் கழித்துக் கார்த்திகையில், தூக்கத்திலேயே போய்விட்டாள். மாரடைப்பு என்றார்கள். பெட்டியைத் திருப்பியது நான்தான் என்று அவளிடம் சொல்லவே இல்லை. சொல்லலாம் சொல்லலாம் என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன்.

இப்போது மறுபடியும் புரட்டாசி. கோயில் கமிட்டிக் கலியன் போன் செய்தார்.

“தேவகிமா, நவராத்திரி வெள்ளிக்கெழம உங்களுக்குத்தான் வச்சிருக்கேன். பொங்கலுக்கு வரல, பங்குனிக்கும் வரல. வேற ஆள பாக்கலாம்னு கமிட்டில சொல்லிக்கினு இருக்கறாங்க. இந்த வாட்டியும் இல்லன்னீங்கன்னா என்னால பேச முடியாதுமா.”

பேச முடியாது என்றால், அதோடு முடிந்தது. ஒரு கோயிலில் விட்டால் மற்ற கோயில்களிலும் விட்டுப்போகும். நாற்பத்தாறு வயதில், பாட்டைத் தவிர வேறெதுவும் தெரியாமல், டிராக்டர் சாமான்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கச்சேரி நாள் காலை கிரேஸ் ஒத்திகைக்கு வந்தாள். முசரவாக்கத்துப் பெண், முப்பதுகூட ஆகவில்லை. சர்ச்சில் வயலின் வாசிக்க ஆரம்பித்து, பிறகு எங்கள் சங்கீதத்துக்கு வந்தவள். மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது.

“பெட்டிய நாலுல வையி” என்றேன்.

“நாலா? கீழ உங்களுக்குக் காத்துதான வரும்? உங்களுக்கு அஞ்சரைதான ஃபிட் ஆவும்?”

“என்னால அஞ்சரை பாட முடியல கிரேஸ். வாயத் தொறந்தா நாலுலதான் வருது. அக்கா விடமாட்டேங்கறா.”

சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. வில்லுக்கு ரோசனப் பிசின் தடவிக்கொண்டே யோசித்தாள்.

“கமலாட்சிக்காவா? அவங்க அப்படி பண்ண மாட்டாங்கக்கா. அன்னிக்கு உங்களுக்காகத்தான நாலரை வைக்கச் சொன்னாங்க?”

“எவ சொன்னா?”

“அவங்கதான். போன நவராத்திரி. நீங்க சொன்ன உடனே எனக்கு டவுட்டா இருந்துச்சு. கை கழுவப் போனேன் பாருங்க, அவங்க தீபாராதன முடிச்சிட்டு பிரகாரத்துல வந்துக்கினு இருந்தாங்க. ஏன்க்கா நாலரை, தொண்டைக்கு கஷ்டமாச்சேன்னு கேட்டேன். மேடைப் பக்கம் திரும்பிப் பாத்தாங்க. அப்பறம், ஆமா, நாந்தான் சொன்னேன், நாலுல அவ கொரலு எடுக்கவே மாட்டேங்குது பாவம், ஒரு நாளாச்சும் பாடட்டும்னாங்க.”

அவள் மாட்டிக்கொள்ளவில்லை. மேடை ஏறும் முன்பே தெரிந்திருக்கிறது. “யார் வைக்கச் சொன்னது” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பொய் அங்கேயே அம்பலமாகியிருக்கும். அதை அவள் தன் பொய்யாக ஆக்கிக்கொண்டாள்.

“வேற இன்னா சொன்னா?”

“மேல போவ முடியலன்னா இன்னா பண்ணுவீங்கன்னு கேட்டேன்.” கிரேஸ் சிரித்தாள். “நிஷாதத்துக்கு வந்துட்டா போதும்டி, தேவகி புடிச்சிப்பான்னாங்க.”

நான் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கிரேஸ் வெளியே நின்றுகொண்டு, “அக்கா, நான் ஏதாவது தப்பா சொல்லிட்டனா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தண்ணீர்த் தொட்டி காலியாகிறது என்று கீழேயிருந்து பழனி சத்தம் போட்டார்.

மாலை ஆறரைக்கு மேடை ஏறினேன். பெட்டியை ஐந்தரையில் வைக்கச் சொன்னேன். கிரேஸ் என்னைப் பார்த்துவிட்டு நரம்பை முறுக்கினாள். என் இடது பக்கம் விரிப்பு காலியாக இருந்தது. அதைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

சட்ஜம் ஐந்தரையில் வந்து நின்றது. இழுத்துப் பிடிக்கவில்லை, தள்ளவில்லை. நழுவும் நழுவும் என்று காத்திருந்தேன். அது அசையவில்லை.

முதல் இரண்டு உருப்படிகளையும் எப்படிப் பாடினேன் என்று நினைவில்லை. காது முழுக்க இடது பக்கமே இருந்தது. அங்கிருந்து ஒன்றும் கேட்கவில்லை. தோடிக்கு வந்தேன். கீழே இறங்கினேன், என் குரல்தான் கேட்டது, என்னுடையது மட்டும். மெல்ல ஏறி நிஷாதத்துக்கு வந்தேன். நின்றேன். கிரேஸும் நிஷாதத்தில் வில்லை நிறுத்திக் காத்திருந்தாள். சபை காத்திருந்தது. நான் இடது பக்கம் திரும்பவில்லை. எடுக்க வேண்டியவள் நான்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் எடுத்துவிட்டால் முடிந்துவிடும் என்றும் தெரிந்தது. என்ன முடியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மூச்சு தீர்கிற மட்டும் நிஷாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு எடுத்தேன்.

நன்றாகப் பாடினேன் என்றார்கள். கலியன் மைக்கில் என் பெயரை மூன்று முறை சொன்னார். அடுத்த வருஷ வெள்ளிக்கிழமையும் எனக்குத்தான் என்றார். பேனரிலும் ‘தேவகி’ என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். இறங்கி வரும்போதுதான் அதைப் பார்த்தேன்.

மறுநாள் காலை, தறி ஆரம்பிக்கும் முன்னால், மாடிக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். பெட்டியை நாலுக்கு இறக்கி வைத்தேன். இடது பக்கம் ஒரு பாயை விரித்துவிட்டு, அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். வெந்நீரைப் பற்றிச் சொன்னேன். இரண்டாவது முறை அவள் திரும்பியதைப் பார்த்தேன் என்பதையும் சொன்னேன். பிறகு அவள் சுருதியில் சட்ஜத்தைப் பாட வாயைத் திறந்தேன்.

ஐந்தரையில் வந்தது. நாலு கட்டைப் பெட்டிக்கு அது ‘க’, காந்தாரம். மறுபடி பாடினேன், மறுபடியும் காந்தாரம். முக்கித் தக்கி நாலுக்கு இறக்கினேன், பிடியை விட்டதும் மேலே ஏறிக்கொண்டது. கீழ்ப் பஞ்சமத்துக்கு இறங்கிப் பார்த்தேன். காற்று வந்தது. இடது பக்கத்திலிருந்து எந்தக் குரலும் வரவில்லை.

“அக்கா, கொஞ்சம் கீழ புடியேன்” என்றேன். பக்கத்து வீட்டில் தறி ஆரம்பித்தது. நான் நிறுத்தவில்லை. பத்து மாதம் போ போ என்று விரட்டியவளை அன்று மதியம் வரை அந்தப் பெட்டியோடு உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் வரவில்லை.